‘வார்லாக்’ என்ற சொல்லில் மந்திரம் எங்கே இருக்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில ஃபேன்டசி கதைகளும் வீடியோ கேம்களும் பழகியவர்களுக்கு ‘வார்லாக்’ புதுச் சொல் இல்லை. கறுப்பு அங்கி, பச்சை நெருப்பு, காலடியில் ஒரு குட்டிச் சாத்தான். அதற்கு மேல் அவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், மீதியை ஊகத்தில் ஓட்டிவிடுகிறோம்.

எளிதில் வருகிற ஊகம், சொல்லை இரண்டாக வெட்டுவது. ‘வார்’ என்றால் போர், ‘லாக்’ என்றால் பூட்டு, ஆக இவன் போரோடு சம்பந்தப்பட்ட மந்திரவாதி! இரண்டு துண்டுமே தப்பு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறக்குறைய ‘வேர்லொகா’ என்று ஒலித்தது. முதல் பாதிக்கு வாக்கு, உடன்படிக்கை என்று பொருள். இரண்டாம் பாதி பொய்யன். இன்றைய ஆங்கிலத்தில் பொய்யைச் சொல்லும் ‘லை’ அதற்குச் சொந்தம். மொத்தத்தில், கொடுத்த வாக்கை மீறியவன். துரோகி என்று சொன்னால் சரியாக இருக்கும். போரைக் குறிக்கிற ‘வார்’ நார்மன் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கவனியுங்கள், இதுவரை மந்திரம் என்ற பேச்சே வரவில்லை. ‘ஜெனிசிஸ் ஏ’ என்ற பழைய ஆங்கிலக் கவிதையில், கடவுளை எதிர்த்துக் கலகம் செய்த தேவதூதர்களுக்குத்தான் இந்த வசவு. அப்புறம் சாத்தானுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சாத்தானோடு கூட்டுச் சேர்ந்தவனும் துரோகிதானே? அந்த வழியாகத்தான் மந்திரவாதி உள்ளே நுழைகிறான். சூனியக்காரிக்கு இணையான ஆண் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து வழக்கில் நிலைத்தது. கடைசியில் கேட்கிற ‘க்’ ஒலியும் ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்துக்காரர்களின் உச்சரிப்பு தந்ததே.

இன்னொரு விளக்கமும் சுற்றுகிறது, கேட்க அழகாகவே இருக்கும். நார்வே, ஐஸ்லாந்து பக்கம் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘வர்த்லொக்குர்’ என்று ஒரு சொல் உண்டு. ‘சிவப்பு எரிக்கின் சாகா’ என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையில், கிரீன்லாந்தில் குறிசொல்லும் பெண்ணுக்காக ஆவிகளை வரவழைக்கப் பாடுகிற பாட்டுக்கு அந்தப் பெயர். வார்லாக் அதிலிருந்து வந்தது என்கிறார்கள். 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியே இந்த ஐஸ்லாந்துச் சொல்லைப் பழைய ஆங்கில வடிவத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது, அதனால் இந்தக் கதைக்கு நல்ல வயசு. ஆனால் அது பாட்டின் பெயர், ஆளின் பெயர் இல்லை. நார்ஸிலேயே மிக அரிதான சொல். ‘க்’ வடிவமும் ஆங்கிலத்தில் காலம் கடந்துதான் தலைகாட்டுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இதை ஏற்கவில்லை. என் ஓட்டும் அந்தப் பக்கம்தான்.

சூனியம் செய்பவரில் ‘விட்ச்’ என்றால் பெண், ‘வார்லாக்’ என்றால் ஆண் என்ற கணக்கையும் எல்லா இடத்திலும் போடக் கூடாது. பழைய ஆங்கிலத்தில் விட்சுக்கே ஆண்பால் வடிவம் ஒன்று, பெண்பால் வடிவம் ஒன்று என்று தனித்தனியாக இருந்தது. ஆண்பாலைத்தான் ‘விக்கா’ என்று எழுதினார்கள், ஒலி ‘விச்சா’. 1692இல் அமெரிக்காவின் சேலத்தில் சூனியக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் 5 பேர் ஆண்கள். ஐஸ்லாந்தில் 17ஆம் நூற்றாண்டில் இந்தக் குற்றச்சாட்டில் எரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்களே.

‘விசார்ட்’ வேறு குடும்பம். அறிவாளி என்பதற்கான ‘வைஸ்’ என்ற சொல்லில், குடிகாரனைக் குறிக்கும் ‘டிரங்கர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் வருகிற அதே விகுதி ஒட்டியது. கொஞ்சம் நக்கலும் இருந்திருக்கலாம். முதலில் ஞானி, மந்திரவாதி ஆனது 16ஆம் நூற்றாண்டில்.

கேம்களை வைத்துப் பொருள் சொல்கிறவர்களும் ஜாக்கிரதை. 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் வார்லாக் தனி வகையே இல்லை. மந்திரம் போடும் ஆட்டக்காரர் எட்டாம் நிலைக்கு வந்தால் கிடைக்கிற பட்டம். ஒன்பதில் ‘சோர்சரர்’, பதினொன்றில் ‘விசார்ட்’. இந்த வரிசைக்கு வரலாற்று ஆதாரம் எதுவும் கிடையாது, ஆங்கில அகராதியில் கிடைத்த மந்திரவாதிப் பெயர்களை அடுக்கியதுதான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ வார்லாக் என்பவர் ஏதோ ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திர வலிமை பெறுகிறவர். வாக்கை மீறியவனின் பெயர், ஒப்பந்தத்தால் வாழ்கிறவனுக்குப் போய்விட்டது. எனக்கு இந்த முரண் பிடித்திருக்கிறது, ஆனால் இதைச் சொல்லின் மூலப்பொருள் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

தமிழில் மொழிபெயர்க்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் ‘மந்திரவாதி’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுண்டு. 1974 விளையாட்டுக்கு அது போதும். ஸ்காட்லாந்தின் சூனிய வழக்கு விசாரணை பற்றிய கட்டுரையில் ‘சூனியக்காரன்’ பொருந்தும். பழைய கவிதையில் இரண்டுமே தப்பு, அங்கே ‘துரோகி’தான். மந்திரச் சடங்குகளைக் கொண்ட, இன்றைய விக்கா என்ற சமயத்தைப் பின்பற்றும் ஆண்களைப் பற்றி எழுதினால் வார்லாக் என்ற சொல்லையே தொடாமல் இருப்பது நல்லது. அவர்களில் பலர் தங்களை விட்ச் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். வார்லாக் என்றால் அவர்கள் காதில் இன்னும் வாக்குத் தவறியவன் என்றுதான் விழுகிறது.