வாலாட்டி எப்போது மலையிறங்கியது? நீலகிரி நீர்க்கரைகளில் பறவை பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர்ப் பக்கம் உறைபனி குறைய ஆரம்பிக்கும். விடியலில் விரல் விறைக்கும், பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். பறவை பார்க்கிறவர்களுக்கு ஆண்டிலேயே குழப்பமான நேரம் இந்தப் பின்பனிக் காலம்தான். வடக்கிலிருந்து வலசை வந்தவை இன்னும் கிளம்பவில்லை. இங்கேயே இருப்பவை கூடு கட்டத் தயாராகி நிறம் மாறிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே ஓடைக்கரையில் நிற்கும்போது அவசரப்பட்டு ஒரு பெயரை எழுதிவிடுகிறோம்.

அதிகம் நடக்கும் தவறு வாலாட்டியில்தான். போன மாசியில் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து ஓடைக்குப் போயிருந்தோம். கூட வந்த தம்பி அடிவயிற்று மஞ்சளைப் பார்த்ததுமே, "அண்ணா, மஞ்சள் வாலாட்டி!" என்று நோட்டில் எழுதிவிட்டார். கொஞ்சம் உட்காருவோம் என்றேன். பறவை எங்கும் போகவில்லை. நனைந்த கல்லில் நின்று வாலை மேலும் கீழும் ஆட்டியது, பூச்சியைத் தாவிப் பிடித்தது, மறுபடி அதே கல்லுக்கு வந்தது. முதுகு சுத்தமான சாம்பல். உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீளமான வால். வாலின் அடியில்தான் மஞ்சள் அடர்த்தியாக இருந்தது. கால்கள் வெளிறிய இளஞ்சிவப்பு. அது சாம்பல் வாலாட்டி. மஞ்சள் வாலாட்டிக்குக் கால் கருப்பு, வால் குட்டை, முதுகில் பச்சை கலந்திருக்கும். மாடு மேயும் ஈரப் புல்வெளிதான் அதற்குப் பிடித்த இடம். பாறையும் ஓடும் தண்ணீரும் உள்ள மலை ஓடையில் மஞ்சளாக எதைப் பார்த்தாலும், முதலில் சாம்பல் வாலாட்டியா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் அன்று கவனித்தோம். அதன் தொண்டையில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தொண்டை முழுக்கக் கருப்பாகிவிடும். இமயமலைப் பக்கம் போய்க் கூடு கட்டுவதற்கான உடையை இங்கேயே மாட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. புத்தகத்தில் குளிர்காலப் படம் ஒன்று இருக்கும், கோடைப் படம் ஒன்று இருக்கும். மாசி, பங்குனியில் நம் முன்னால் நிற்பது இரண்டுக்கும் நடுவிலுள்ள பறவை. படத்தோடு பொருந்தவில்லை என்பதற்காகப் புது இனம் என்று நினைத்துவிடக் கூடாது.

குருட்டுக் கொக்கு என்கிறோமே, அந்த மடையானிலும் இதே கதைதான். மற்ற மாதங்களில் மண் நிறத்தில் கோடு கோடாகத் தெரியும் பறவை, இனப்பெருக்கக் காலம் வந்தால் முதுகில் கருஞ்சிவப்பைப் போர்த்திக்கொள்கிறது. அதை அரிய சீன மடையான் என்று பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சீன மடையானுக்குத் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பாக இருக்கும், நம்முடையதற்கு அவை வெளிர் மஞ்சள். கழுத்தைப் பார்த்தால் போதும். உண்ணிக்கொக்கின் தலை ஆரஞ்சு நிறமாவதும் இப்படித்தான்.

அப்புறம் செல்போன். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலி நல்ல துணை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஓடைச் சத்தத்துக்கு நடுவில் அது காட்டும் பெயரை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். முதுமலைப் பக்கம் துடுப்புவால் கரிச்சான் ஒன்றே நாலைந்து பறவைகளின் குரலில் பேசும். செயலி ஒரு பெயரைச் சொன்னால், அந்தத் திசையில் தேடிக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

பறவையை வெளியே வரவைக்க அதன் குரலையே செல்போனில் ஒலிக்கவிடுவது இதைவிட மோசம். சீகாரப் பூங்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பையன் யோசனையில்லாமல் சீழ்க்கை அடித்துக்கொண்டு போவது போலப் பாடும். கோடை நெருங்கும்போது ஓடையோரப் பாறை இடுக்குகளிலும் அருவியை ஒட்டியும் கூடு வைக்கும். அந்த நேரத்தில் பதிவுக் குரலைக் கேட்டால், எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்றே நினைக்கும். இரை தேடுவதை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் துரத்தி அலையும். ஒரு போட்டோவுக்காக அதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு பகிர்வதும் அப்படித்தான்.

எமரால்டு, அவலாஞ்சி போகும் வழியில் புல்மேடுகளுக்கு நடுவே பள்ளமான சதுப்புகள் தெரியும். வெறும் சகதி என்று நினைத்துக் குறுக்கே நடந்துவிடுகிறார்கள். அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் படிந்த தாவரங்களின் அடுக்கு. நீலகிரியின் இந்தக் கரிச்சேற்றைத் தோண்டி எடுத்து, 20,000 ஆண்டு பழைய தட்பவெப்பத்தை விஞ்ஞானிகள் படித்திருக்கிறார்கள். ஈரப் புல்லுக்குள் உள்ளான் பறவைகள் காலடிக்குப் பக்கத்தில் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீலகிரி நெட்டைக்காலிப் பறவைக்கும் இந்த ஈரப்பள்ளங்கள்தான் வீடு. சதுப்பின் ஓரத்து மேட்டில் நில்லுங்கள், உள்ளே இறங்க வேண்டாம்.

பைக்காரா ஆறு கீழே இறங்கி மாயாறாகும் பகுதியில் எச்சரிக்கை வேறு மாதிரி. அங்கே ஆற்றங்கரையில் நடந்து பறவை பார்க்கக் கூடாது. புலிகள் காப்பகம் அது. கோடை நெருங்க நெருங்க யானையும் காட்டு மாடும் தண்ணீர் தேடி ஆற்றுக்குத்தான் வரும். தெப்பக்காட்டுப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி இறங்குவதையும் தவிருங்கள். வனத்துறை வண்டியில் போனால் போதும்.

ஊட்டி ஏரிக்குப் போகிறவர்கள் படகுகள் இறங்கும் முன்பே போய்விடுங்கள். படகு விரட்டிய நாமக்கோழிகள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும், நாம் இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

என்னை அதிகம் வருத்துவது வேறொரு தவறு. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு முடியும், பிப்ரவரியில் நான்கு நாள் கணக்கெடுப்பும் முடியும், உடனே பைனாகுலர் அலமாரிக்குள் போய்விடும். செப்டம்பர் வாக்கில் முதல் வாலாட்டி வந்து இறங்கியதை எல்லோரும் கொண்டாடிக் குறித்து வைக்கிறோம். கடைசி வாலாட்டி எப்போது போனது என்று கேட்டால் பதில் இல்லை. வருகிற பறவை கண்ணில் பட்டுவிடும். போகிற பறவையோ, கடைசியாகப் பார்க்கும் அன்றைக்கு அதுதான் கடைசி நாள் என்று நமக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு நாளும் எழுத வேண்டியிருக்கிறது, இல்லாத நாளையும் சேர்த்து. பூஜ்யம் என்று எழுத நிறையப் பேருக்குக் கை வருவதில்லை, ஏதோ வீணாகப் போய்வந்தது போல நினைக்கிறார்கள். அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால், பறவை போய்விட்டதா, நாம் போகவில்லையா என்று பின்னால் நோட்டைப் புரட்டுகிறவருக்குத் தெரியாது.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓடையோ, மதகோ, தோட்டத்து வாய்க்காலோ போதும். தினமும் அதே பத்து நிமிடம். அந்தத் தம்பி இப்போது அப்படித்தான் செய்கிறார். ஏப்ரல் 6: இரண்டு. 7: ஒன்று, தொண்டை முழுக்கக் கருப்பு. 8: ஒன்று. 9: இல்லை. 10: இல்லை. மாத முடிவு வரை போய்ப் பார்த்து, ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறார்: கல் ஈரமாக இருந்தது, பூச்சி இருந்தது, வாலாட்டி இல்லை.