நாளிதழை வைத்து ஆய்வேடு: முதலில் பேப்பர், அப்புறம் கோட்பாடு

ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் இதழியல் துறையில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவராக ஆய்வுத் தலைப்போடு வந்து நிற்பார்கள். பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள்: 'தமிழ் நாளிதழ்களில் இன்னது சித்திரிக்கப்படும் விதம் – ஓர் ஆய்வு'. அந்த 'இன்னது' பெண்களாக இருக்கும், விவசாயிகளாக இருக்கும், காலநிலை மாற்றமாக இருக்கும். தலைப்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பிறகு நடப்பதுதான் சங்கடம். 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் ஊரில் வாக்காளர்களிடம் கேட்டறிந்ததை வைத்து, ஊடகம் எதைப் பெரிதாகப் பேசுகிறதோ அதையே மக்களும் முக்கியமாக நினைக்கிறார்கள் என்று மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1972இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டு, செய்தித்தாளை ஏப்ரலில்தான் கையில் எடுப்பார்கள். ஏப்ரல் கடைசியில் ஆய்வேடு கொடுக்க வேண்டும்!

நான் பாடம் நடத்த வருமுன் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்கில் சப்-எடிட்டராக இருந்தவள். அதனால் என் வழி தலைகீழ். முதல் வாரமே பேப்பர் கட்டு மேசைக்கு வந்துவிட வேண்டும். கோட்பாடு எங்கும் ஓடிவிடாது. எப்படி என்று ஓர் உதாரணத்தை வைத்தே சொல்கிறேன்: 2019 கோடையில் சென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டை நாளிதழ்கள் எழுதிய விதம்.

கேள்வி

'எப்படிச் சித்திரித்தன' என்பது கேள்வியே அல்ல. அதற்கு எந்தப் பதிலும் பொருந்தும். எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். தண்ணீர்ச் செய்திகளில் யார் பேசினார்கள்? அமைச்சரா, குடிநீர் வாரிய அதிகாரியா, லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களா? அந்த விகிதம் இரண்டு நாளிதழ்களுக்கு இடையில் மாறுகிறதா? இவ்வளவு போதும். ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு இதுவே நிறைய.

காலம்

இங்கேதான் நிதானம் தேவை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் என்று ஒரு மாணவி எழுதிக் கொண்டுவந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆண்டு ஏப்ரல் 18 தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு, மே 23 வாக்கு எண்ணிக்கை. அதுவரை பக்கங்கள் முழுக்கத் தேர்தல்தான். ஏப்ரலில் தண்ணீர்ச் செய்தி குறைவாக இருந்தால், தட்டுப்பாடு இல்லை என்று பொருளா, இடம் இல்லை என்று பொருளா? ஜூலையிலும் இதே தலைவலி. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்தில் அத்திவரதர் தரிசனம். நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை வரும் விழா, எந்தத் தமிழ் நாளிதழ் விட்டுவைக்கும்? ஆக, காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த மாதங்களில் பேப்பரில் வேறு என்னவெல்லாம் போட்டிக்கு நின்றன என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வில் அது காப்பாற்றும்.

எத்தனை நாள் பேப்பர் பார்ப்பது? பாடப்புத்தகம் 'கட்டமைக்கப்பட்ட வாரம்' என்ற முறையைச் சொல்லும். ஆறு மாதத்தில் வரும் எல்லாத் திங்கட்கிழமைகளிலிருந்தும் குலுக்கி ஒன்று, செவ்வாய்களிலிருந்து ஒன்று என்று ஏழு நாளைச் சேர்த்து ஒரு செயற்கை வாரம் செய்வது. ஞாயிறு இதழ் தடிமனாகவும் வேறு மாதிரியாகவும் இருப்பதால், எந்தக் கிழமையும் கூடிக் குறைந்துவிடாமல் இது பார்த்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு இப்படி ஒரு வாரம் போதும் என்று ரிஃப், ஆஸ்ட், லேசி மூவரும் 1993இல் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது ஓர் அமெரிக்க நாளிதழின் உள்ளூர்ச் செய்திகளை. அன்றாடம் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் சரக்கு அது.

தண்ணீர்த் தட்டுப்பாட்டுச் செய்தி அப்படி வருவதில்லை. மூன்று வாரம் வெள்ளம்போல் கொட்டிவிட்டு அடங்கிவிடும். அந்த உச்சத்தில் குலுக்கலுக்கு ஒரு நாள்கூடச் சிக்காமல் போகலாம். இப்படிப்பட்ட தலைப்புக்கு மாதிரி எடுக்காதீர்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எல்லா நாளும் பாருங்கள்: 61 நாள், இரண்டு நாளிதழ், 122 இதழ்கள். பயப்பட வேண்டாம், ஒருவரால் முடியும். பண்டிகை மறுநாள் பேப்பர் வராத விடுமுறைகளை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். நீண்டகாலப் போக்கைப் பார்க்கிறவர்கள், உதாரணமாகப் பத்தாண்டுகளில் தலையங்கத்தின் நீளம் எப்படி மாறியது என்று தேடுபவர்கள், குலுக்கலுக்குப் போகலாம்.

எந்தப் பேப்பர், எந்தப் பதிப்பு

'எங்கள் வீட்டில் வாங்குவது' என்பது காரணம் ஆகாது. விற்பனையைக் காரணமாகச் சொல்வதென்றால் நாளிதழ் விற்பனையைத் தணிக்கை செய்யும் ஏபிசி அமைப்பின் எண்ணைக் காட்டுங்கள். வேறுபாட்டைக் காரணமாகச் சொல்வதென்றால் அந்த வேறுபாடு உங்கள் கேள்வியோடு ஒட்ட வேண்டும். 1942இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கி, எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் வாசகராக்கிய தினத்தந்தியையும், 2013இல் வந்த இந்து தமிழையும் பக்கத்தில் வைத்தால், 'யார் பேசினார்கள்' என்ற கேள்விக்கு வெவ்வேறு விடை வருமா என்று எதிர்பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அதைவிட முக்கியம் பதிப்பு. ஒரே நாளிதழின் சென்னைப் பதிப்பும் திருச்சிப் பதிப்பும் ஒன்றல்ல. சென்னைப் பதிப்பிலேயே தொலைவுக்குப் போக முன்னிரவில் அச்சாகும் டாக் எடிஷன் வேறு, நள்ளிரவுக்குப் பிறகு அச்சாகும் சிட்டி எடிஷன் வேறு. முதல் பக்கச் செய்தி இரண்டாவதில் ஐந்தாம் பக்கத்துக்குப் போயிருக்கும். நானே அப்படித் தூக்கிப் போட்டிருக்கிறேன். உங்கள் கையில் இருப்பது எந்த ஊரில் அச்சானது என்று தெரிய, அச்சிட்டவர், வெளியிட்டவர், அச்சான இடம் என்று பொடி எழுத்தில் இருக்கும் வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்க அடியில் இருக்கும். அச்சகங்கள், நூல்கள் பதிவுக்கான 1867 சட்டப்படி அது கட்டாயம். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023 சட்டம் வந்துவிட்டது. அந்த வரியைக் குறிக்காமல் 'நாளிதழ் ஆய்வு' என்று எழுதுவது அரைகுறை வேலை.

பழைய இதழ்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் போங்கள். 1954 நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மாதக் கட்டு பைண்டிங்கில் இருக்கிறது, போனில் படம் எடுக்க அனுமதி உண்டா என்பதெல்லாம் நேரில் போன பிறகு தெரிந்தால் ஒரு நாள் வீண். சுதேசமித்திரன் காலத்துக்குப் பின்னோக்கிப் போகிறவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

இ-பேப்பர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் தேடல் பெட்டியை நம்பாதீர்கள். யூனிகோடுக்கு மாறாத எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால், பிரதி எடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். எழுத்து சரியாக இருந்தாலும் தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்று மாறிக்கொண்டே போகும். 'குளம்' என்று தேடினால் 'குளத்தை', 'குளங்களில்' சிக்காது. 'குள' என்று மட்டும் கொடுத்தால் குளறுபடி உட்பட எல்லாம் வந்து நிற்கும். இணையதளத்தில் கிடைக்கும் செய்தியை அச்சில் வந்ததற்குப் பதிலாக வைக்கவே கூடாது. தலைப்பு மாறியிருக்கும், பக்கம் எண் இருக்காது. கண்ணால் பார்த்துப் புரட்டுவதுதான் கடைசியில் வேகமான வழி.

குறியீட்டுத் தாள்

ஆய்வின் உயிர் இதில்தான். எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு செய்தி. நாள், நாளிதழ், பக்கம், தலைப்பு, எத்தனை பத்தி அகலம், படம் உண்டா, யார் பேசினார்கள். ஆய்வு முடியும் வரை இதோடுதான் வாழப்போகிறீர்கள், அதனால் பத்துப் பன்னிரண்டு கலத்துக்கு (எக்செல் நெடுவரிசைக்கு) மேல் வேண்டாம்.

பக்கம் எண்ணில் ஒரு பொறி. முழுப்பக்க ஜாக்கெட் விளம்பரம் வந்த அன்று முதல் செய்திப் பக்கம் மூன்றாம் பக்கமாகிவிடும். ஆகவே 'பக்கம் 1' என்று எழுதாதீர்கள், 'முதல் செய்திப் பக்கம்' என்று எழுதுங்கள். செய்தியின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து 'முக்கியத்துவம்' என்று பெயர் வைப்பதும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு விளம்பரம் ரத்தானால் நான்கு வரிச் செய்தி படத்தோடு கால் பக்கமாகும். விளம்பரம் வந்தால் கால் பக்கம் நான்கு வரியாகும். டெஸ்கில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இடம்தான், அதாவது எந்தப் பக்கம், மடிப்புக்கு மேலா கீழா என்பதுதான், ஓரளவு நம்பக்கூடிய அளவுகோல்.

'யார் பேசினார்கள்' என்ற கலத்துக்கு மேலைநாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். அதிகாரி, அரசியல்வாதி, நிபுணர், குடிமகன் என்று நான்கு பெட்டி இருக்கும். நம் செய்தியில் 'இதுகுறித்து அப்பகுதி பொதுமக்கள் கூறியதாவது' என்று வரும். பெயர் இல்லை, வயது இல்லை, தெருவே பேசுகிறது. 'சமூக ஆர்வலர்கள் கோரிக்கை' என்று வரும், அவர் யார் என்று கடைசி வரை தெரியாது. இவற்றுக்குத் தனிக் குறியீடு கொடுங்கள். பெயரோடு பேசிய குடிமகனையும் பெயரில்லாத பொதுமக்களையும் ஒரே பெட்டியில் போட்டால் உங்கள் கண்டுபிடிப்பே மறைந்துவிடும். அந்த மாணவியின் ஆய்வில் கடைசியில் பேசத் தகுந்ததாக நின்றது இந்த ஒரு வேறுபாடுதான்.

சட்டகம், அதாவது ஒரு செய்தி எந்தக் கோணத்தில் சொல்லப்படுகிறது என்று பார்க்கிறவர்கள் செமெட்கோ, வால்கன்பர்க் இருவரும் 2000இல் வெளியிட்ட ஐந்தையே பிடித்துக்கொள்கிறார்கள்: மோதல், மனித ஆர்வம் (ஹியூமன் இன்ட்ரஸ்ட்), பொருளாதார விளைவு, அறம், பொறுப்பு. நெதர்லாந்து ஊடகங்களில் ஐரோப்பிய அரசியல் செய்திகளைப் பார்த்துச் செய்த பட்டியல் அது. 2019 ஜூன் 22 அன்று அ.தி.மு.க.வினர் கோயில்களில் மழை வேண்டி யாகம் நடத்தினார்கள். அந்தச் செய்தியை எதில் போடுவீர்கள்? அதையொட்டி தி.மு.க. காலிக் குடங்களோடு ஆர்ப்பாட்டம் நடத்தியது. அது மோதலா, பொறுப்பா? ஜூன் கடைசியில் ஹாலிவுட் நடிகர் டிகாப்ரியோ சென்னைத் தண்ணீரைப் பற்றி இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். அதை சினிமா என்று ஒதுக்குவதா? ஜூலை 12 ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. வரவேற்புச் செய்தியா, நெருக்கடிச் செய்தியா? இத்தகைய பத்துப் பதினைந்து செய்திகளை முதலிலேயே எடுத்து, எதை எதில் போடுகிறீர்கள், ஏன் என்று விதி எழுதுங்கள். அதுதான் குறியீட்டு நூல். இதற்கான செய்திகளை உங்கள் இரண்டு மாதத்துக்கு வெளியே, மே மாத இதழ்களிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

இன்னொருவர் வேண்டும்

உங்கள் விதி உங்களுக்கு மட்டும் புரிந்தால் போதாது. வகுப்புத் தோழரிடம் குறியீட்டு நூலைக் கொடுத்து, மொத்தச் செய்திகளில் பத்தில் ஒரு பங்கைத் தனியாகக் குறியிடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கக் கூடாது. 'மேம், இவன் யாகத்தை அரசியல்ல போட்டுட்டான்' என்று சண்டையோடு வருவார்கள். நல்லது. அந்தச் சண்டை விதியின் ஓட்டையைக் காட்டுகிறது. விதியைத் திருத்திவிட்டு, வேறு செய்திகளை வைத்து மறுபடி செய்யுங்கள். அதே செய்திகளை வைத்தால் நினைவில் இருந்து ஒத்துப்போவார்கள்.

ஒத்துப்போன சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். நூறு செய்தியில் தொண்ணூறில் நிபுணர் யாரும் பேசவில்லை என்றால், ஒருவர் சரியாகப் பார்த்துக் குறியிட, மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டாலே 90 சதவீதம் வந்துவிடும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணக்கிடும் கிரிப்பண்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவைப் போடுங்கள். 'ஆர்' என்ற இலவச மென்பொருளில் 'ஐஆர்ஆர்' தொகுப்பு இதைக் கணக்கிட்டுத் தரும். 0.80க்கு மேல் வந்தால் நிம்மதி. 0.667க்குக் கீழே போனால் அந்தக் கலத்தை ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கலத்துக்கும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். சராசரி எடுத்து ஒரே எண்ணாகப் போடுவது மறைப்பு வேலை.

எழுதும்போது

இப்போது கோட்பாட்டு அத்தியாயம் எழுதுங்கள். உங்கள் அட்டவணை எதைப் பேசுகிறதோ அதற்கு வேண்டிய கோட்பாடு மட்டும் போதும். பத்துப் பக்கத்தில் முடிந்துவிடும். இப்படிச் செய்திகளை எண்ணிப் பார்க்கும் உள்ளடக்க ஆய்வு பேப்பரில் என்ன இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். ஏன் அப்படி வந்தது, வாசகர் என்ன நினைத்தார் என்பதை அந்த அட்டவணையிலிருந்து இழுக்க முடியாது. 'ஏன்' தெரிய வேண்டுமென்றால் அந்தக் கோடையில் தண்ணீர்ச் செய்தி எழுதிய நிருபர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். அவர்களுக்கு நேரம் கிடைப்பது மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. மாலை ஆறுக்குப் போன் செய்தால் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் திட்டுவார்கள்.

கட்டுரையாக வெளியிடுவது பற்றி: பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போட்டுத் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் சஞ்சிகைகளின் பக்கம் போகாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), தான் ஏற்கும் சஞ்சிகைகளின் 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. 'கேர் அங்கீகாரம்' என்று இன்னும் விளம்பரம் செய்கிறவர்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள். பிஎச்.டி. மாணவர்களுக்கும் ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசியின் 2022 விதிமுறை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது ஆய்வேட்டோடு மூன்று பொருள் பையில் இருக்கட்டும்: குறியீட்டு நூலின் பிரதி, நீங்களும் தோழரும் முரண்பட்ட செய்திகளின் பட்டியல், அச்சான இடம் தெரியும்படி எடுத்த இதழ்களின் படங்கள். 'ஏன் இந்த இரண்டு பேப்பர்?' என்றுதான் புறத்தேர்வாளர் பெரும்பாலும் தொடங்குவார்.