பறவை பார்க்க ஏரிக்குப் போகும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கப் போகலாம் என்று முடிவு செய்யும் குடும்பங்கள் பெரும்பாலும் வீட்டில் டிபனை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு மேல்தான் கிளம்புகின்றன. ஏரிக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். பல பறவைகள் இரை தேடி முடித்து நிழலில் ஒதுங்கிவிடும். தண்ணீருக்கு மேலே கானல் ஆடும். தூரத்தில் மிதப்பது வாத்தா நாமக்கோழியா என்பதே தெரியாது. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் "போலாம்ப்பா" என்பார்கள். டிபனைக் கட்டி எடுத்துக்கொண்டு ஆறரைக்குள் கரையில் இருங்கள். அது முடியாதென்றால் மாலை நாலரைக்கு மேல் போங்கள். கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டம் கூட்டமாக அடைய வரும் நேரம் அது.

அடுத்த தவறு, சூரியனைப் பார்த்தபடி நிற்பது. வெளிச்சம் எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான் போட்டிருப்பார்கள். காலையில் கரைமேல் ஏறி நின்றாலே சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும்.

இனி, பெரியவர்களே அதிகம் செய்யும் தவறு. ஒரு பறவை கண்ணில் பட்டதும் இன்னும் கொஞ்சம் கிட்டப் போவோம் என்று நடப்பது. நாம் பத்தடி வைத்தால் அது இருபதடி தள்ளிப் போகும், அப்புறம் பறந்தே போய்விடும். கூடவே பக்கத்தில் இருந்த பத்துப் பறவைகளும் போகும். நடக்காமல் ஓரிடத்தில் உட்காருங்கள். பொங்கல் நாட்களில் 2015 முதல் நடந்துவரும் பறவைகள் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடமாவது பார்த்துப் பட்டியல் எழுதச் சொல்கிறார்கள். குடும்பத்துக்கும் அது நல்ல அளவு. முதல் ஐந்து நிமிடம் வெறும் தண்ணீராகத் தெரியும் இடத்தில், கோரைக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி ஒன்று வெளியே வரும். முக்குளிப்பான் முங்கும். அது எங்கே எழும்பும் என்று பிள்ளைகளைக் கைகாட்டச் சொல்லுங்கள். அரிய பறவையைத் தேடி அலைவதைவிட இது அவர்களுக்கு எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம். ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் இரு என்று மிரட்டினால், அடுத்த முறை அது வராது.

தண்ணீர் நிறைந்த ஏரியில்தான் பறவை நிறைய இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் சரி. மழை முடிந்து ஏரி தளும்பும்போது நாமக்கோழி, வாத்து, முக்குளிப்பான் போன்ற நீந்தும் பறவைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் பவளக்கால் உள்ளான் மாதிரி நடந்து இரை தேடுகிறவைக்குக் காலளவு தண்ணீரும் சேறும் வேண்டும். தை, மாசியில் ஏரி வற்றத் தொடங்கி ஓரத்தில் சேறு தெரியும்போதுதான் அவை கூட்டமாக இறங்கும். "ஏரி காஞ்சுபோச்சு, அங்க என்ன இருக்கும்" என்று நாம் விட்டுவிடும் வாரங்கள் பல சமயம் மிக நல்ல வாரங்கள். வேடந்தாங்கல் கதை வேறு. அங்கே மரங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் கூடுகளுக்குப் பாதுகாப்பு. மழை பொய்த்த வருடம் போனால் ஏமாற்றம்தான். ஒரே ஏரிக்கு ஐப்பசியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மூன்றும் மூன்று ஏரியாக இருக்கும்.

வேடந்தாங்கல் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். மரத்தில் கூடு கட்டியிருக்கும் எல்லாவற்றையும் காட்டி "ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, சைபீரியாவிலிருந்து வந்தது" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். அங்கே கூடு கட்டும் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். மழையையும் மீனையும் பார்த்து இடம் மாறுகிறவை. உண்மையிலேயே வடக்கே வெகு தொலைவிலிருந்து வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, பல வகை உள்ளான்கள். அவை குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டு, கூடு கட்டத் தங்கள் ஊருக்கே திரும்பிவிடும். பள்ளிக்கரணைச் சதுப்பில் நாம் பார்க்கும் பூநாரையும் வெளிநாட்டுப் பறவை என்றுதான் பேர் வாங்குகிறது. குஜராத்தின் கட்ச் ரண்ணிலேயே பூநாரைகள் கூடு வைக்கின்றன.

அதேபோல வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்கு என்று முடித்துவிட வேண்டாம். மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். கரையோரம் பழுப்பாக அசையாமல் நிற்கும் மடையான் பறந்தால் சட்டென்று வெள்ளையாகிவிடும், இறக்கை அப்படி. பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொண்டால் கொக்கு வகை, நீட்டிக்கொண்டால் நாரை வகை. இது ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாலே பிள்ளைகள் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பைனாகுலரில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவதும் தவறு. 20 மடங்கு என்று விற்பதைக் கையில் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும். 8x42 போதும்: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இரண்டு குழாயையும் அவர்கள் கண் இடைவெளிக்கு மடக்கிக் கொடுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, "இவனுக்குப் பார்க்கவே தெரியல" என்கிறார்கள். முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

பிஸ்கட், பொரி போட வேண்டாம். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம். போட்டிக்கு வேறொரு பறவை வந்துவிட்டதென்று அது கூட்டை விட்டுவிட்டு அலையும். மார்ச்சுக்கு மேல் போனால் காலடியைப் பார்த்து நடங்கள். ஆள்காட்டி வெறும் தரையில்தான் முட்டை வைக்கும். முட்டை கல்லும் மண்ணும் போலவே இருக்கும். அது தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். தேடிப் பார்க்காமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள். தாய் எழுந்து பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் காய்கிறது. கூட்டைப் படம் எடுத்து இடத்தோடு பகிர்வதும் வேண்டாம்.

பள்ளிக்கரணைச் சதுப்பைக் குறுக்கே வெட்டிப் போகும் துரைப்பாக்கம் சாலையில் வண்டியை ஓரங்கட்டிப் பிள்ளைகளை இறக்காதீர்கள். வண்டிகள் வரும் வேகம் அப்படி. ஏரிக்குள் இறங்கவும் விடாதீர்கள். மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கடியில் வெளியே தெரியாது, முழங்கால் தண்ணீர் அடுத்த அடியில் ஆள் மட்டத்துக்குப் போய்விடும். கரையில் மாடு மேய்க்கும் அண்ணனிடமோ வலை வீசும் பெரியவரிடமோ வணக்கம் சொல்லி விசாரியுங்கள். எந்தப் பக்கம் பள்ளம், எந்த மூலையில் நேற்று நாரைகள் இறங்கின என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.