புது பைக்கில் செயின் சத்தம்: சரிசெய்த விதம்

புது 125 சிசி வண்டி. முதல் சர்வீஸ் முடிந்த பிறகு, குறைந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தால் 'டக்'கென்று ஒரு அடி, கவருக்குள் சலசலப்பு. புதுச் செயின் தொடக்கத்தில் நீளத்தான் செய்யும். பல்லடம், காங்கேயம் பக்கம் மண் ரோட்டில் ஓடினால் புழுதியும் சேர்ந்து சீக்கிரமே தேய்த்துவிடும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் வைத்து, கவரிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, கீழ்ச்செயினை நடுவில் விரலால் ஆட்டினேன். 40 மி.மீ. ஆடியது, என் வண்டி மேனுவலில் 20-30தான். சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்க, ஒரே மாதிரி இருக்காது. இறுக்கமான இடத்துக்குத்தான் அளவு வைக்கணும். லூசான இடத்துக்கு வைத்தால் மற்ற இடத்தில் செயின் விறைத்து பேரிங்கைத் தின்றுவிடும். சத்தத்தைவிட அது மோசம்.

பின்சக்கர அச்சு நட்டைத் தளர்த்தி (சில வண்டிகளில் ஸ்பிராக்கெட், அதாவது செயின் மாட்டும் பல்சக்கரம் பக்கம் ஸ்லீவ் நட்டும் உண்டு, அதையும் தளர்த்தணும்), செயினை இறுக்கும் இரண்டு அட்ஜஸ்டரையும் கால் கால் சுற்றாகத் திருப்பினேன். ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) உள்ள கோடுகள் இருபுறமும் ஒன்றாக நிற்கணும். ஒரு கோடு தள்ளினாலும் சக்கரம் கோணலாகி ஸ்பிராக்கெட் பல் ஒருபக்கமாகத் தேயும். பிறகு தளர்த்திய நட்டுகளைத் திரும்ப இறுக்கினேன்.

பலர் விட்டுவிடுவது இது: சக்கரம் பின்னால் நகர்ந்ததும் டிரம் பிரேக் இறுகிவிடும். பிரேக் ராடு நட்டைத் திருப்பிப் பெடல் ஆட்டத்தைச் சரிசெய்யணும். கடைசியாக மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, 90 கியர் ஆயில் விட்டேன். இன்ஜின் ஓடும்போது செயினில் கை வைக்கவே கூடாது.