பிள்ளைகளோடு தோட்டம் செய்து சமைக்கும்போது நாம் விடுகிற பிழைகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நாலு வருடம், இப்போது வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கடலோரமாக உள்ள ஒரு பாடசாலையில், பிள்ளைகளோடு சேர்ந்து தோட்டம் போட்டு அதில் வருவதைச் சமைத்துச் சாப்பிடுகிறோம். இதில் நான் விட்ட பிழைகளும் மற்ற இடங்களில் பார்த்த பிழைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலாவது, எல்லாவற்றிலும் பெரியது: தோட்ட வேலையைத் தண்டனையாக்குவது. பிந்தி வந்தவன் புல் பிடுங்கட்டும், வீட்டுப்பாடம் செய்யாதவள் தண்ணீர் ஊற்றட்டும் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஒருநாள் ஒரு பையனிடம் மண்வெட்டியைக் கொடுத்தேன், அவன் வாங்காமல் நின்று, “டீச்சர், நான் என்ன பிழை செஞ்சன்?” என்று கேட்டான். அவனுடைய குடும்பம் தலைமுறையாக வேளாண்மை செய்கிற குடும்பம். அப்பா பிடிக்கிற மண்வெட்டியை அவன் தண்டனை என்று நினைக்கும்படி செய்தது நாங்கள்தானே. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். தோட்டத்துக்குப் போவது பிள்ளைக்குக் கிடைக்கிற நல்ல நேரமாக இருக்க வேண்டும், அதை எந்தக் காரணத்துக்காகவும் பறிக்கவும் கூடாது, திணிக்கவும் கூடாது.

அடுத்தது காட்சிக்காகச் செய்யும் தோட்டம். மேலிடத்தில் இருந்து பார்க்க வருகிறார்கள் என்றால் கன்றுகளை வாங்கி வந்து ஒரே நாளில் நட்டு, கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசி விடுவோம். இரண்டு கிழமையில் எல்லாம் காய்ந்துவிடும். பிள்ளை விதை போடவில்லை, முளையைப் பார்க்கவில்லை, அப்புறம் ஏன் அதற்குத் தண்ணீர் ஊற்றப் போகிறது? ஆளுக்கு ஒரு சாண் இடமாவது சொந்தமாகக் கொடுங்கள். வளைந்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

காலத்தைப் பார்க்காமல் தொடங்குவதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. நமக்கு மழை வடகீழ்ப் பருவத்தில், ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை கொட்டித் தீர்க்கும், பிறகு மே, ஜூனில் கச்சான் என்கிற வறண்ட காற்று வந்து இலையைச் சுருட்டிவிடும். நவம்பரில் சமதரையில் கத்தரியும் தக்காளியும் நட்டால் வேர் அழுகும். மழை நேரத்தில் பாத்தியை ஒரு அடியாவது உயர்த்துங்கள், தாழ்ந்த இடத்தில் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் கீரை வையுங்கள், அவற்றுக்கு ஈரம் பிடிக்கும். கத்தரி, கொச்சிக்காய் (மிளகாய்) நாற்றைத் தாழ்வாரத்தில் வளர்த்து மழை குறைந்த பிறகு வெளியே நடலாம். அதோடு, ஒரு தவணைக்குள் பிள்ளை அறுவடையைப் பார்க்க வேண்டும். முளைக்கீரை மூன்று நான்கு கிழமையில் தயார், வெண்டி ஒன்றரை மாதத்தில் காய்க்கும். கத்தரிக்கு அதைவிட நாள் எடுக்கும் என்பதால் சின்ன வகுப்புக்கு அதை முதல் பயிராக வைக்காதீர்கள்.

இனி மண். கடலோர மணலில் வாளி வாளியாக ஊற்றினாலும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அந்த மண்ணுக்குத் தேவையானதைத்தான் நாம் தினமும் காலையில் கூட்டிக் குவித்து எரிக்கிறோம்! முற்றத்துச் சருகை எரித்துவிட்டு, பிறகு காசு கொடுத்துப் பசளைப் பை வாங்குகிற பாடசாலைகளை நான் பார்த்திருக்கிறேன், எங்களதும் அப்படித்தான் இருந்தது. சருகு இரண்டு மூன்று பங்கு, பச்சை இலையும் காய்கறிக் கழிவும் ஒரு பங்கு, இடையிடையே கொஞ்சம் மாட்டுச் சாணம் என்று ஒரு மீற்றர் உயரத்துக்குக் குவியுங்கள். குவியல் சின்னதாக இருந்தால் சூடு பிடிக்காது. கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வர வேண்டும், ஒழுகினால் ஈரம் கூட, ஒட்டாமல் உதிர்ந்தால் குறைவு. ஒரு வாரம் கழித்து இரும்புக் கம்பி ஒன்றைக் குவியலுக்குள் செருகி, சற்று நேரம் விட்டு இழுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டை உண்டாக்குகின்றன என்று எத்தனை தரம் கரும்பலகையில் எழுதினாலும் வராத வியப்பு அந்தக் கம்பியில் வந்துவிடும். மீன் செதில், இறைச்சி எலும்பு போடாதீர்கள், நாயும் எலியும் கிண்டிவிடும். பாத்திக்கு அடியில் பொச்சுமட்டையை (தேங்காய் மட்டையை)ப் புதைத்தால் ஈரம் நிற்கும், இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பாடசாலையில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

பயறு, கௌபி, கச்சான் (நிலக்கடலை) பிடுங்கும்போது செடியைத் தூக்கி எறிந்துவிடுவதும் ஒரு பிழை. வேரில் உள்ள சிறு முடிச்சுகளை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே பக்டீரியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு வேர் ஒரு விஞ்ஞான பாடத்துக்குச் சமம்.

“சேதனம்”, அதாவது இரசாயனம் போடாத இயற்கை முறை என்றால் ஆபத்தே இல்லை என்ற நினைப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். பூச்சிக்குப் புகையிலையை ஊறவைத்த தண்ணீரைப் பிள்ளைகளைக் கொண்டு தெளிக்க வைக்கிறார்கள். நிக்கொட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், வாந்தியும் தலைசுற்றும் வரும். பாடசாலையில் அது வேண்டவே வேண்டாம். புகையிலையில் இருக்கும் வைரசு தக்காளிக்கும் கொச்சிக்காய்க்கும் தொற்றவும் கூடும். கொச்சிக்காய்க் கரைசல் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. புழுவைக் கையால் பொறுக்குவது, இலைக்கு அடியில் உள்ள முட்டையை நசுக்குவது, இவையே பிள்ளைகளுக்குப் போதும், அவர்கள் அதை விருப்பமாகவும் செய்வார்கள். பச்சைச் சாணத்தை அப்படியே கீரைப் பாத்தியில் போடாதீர்கள். நாற்றும் கருகும், கிருமியும் இலையில் ஒட்டும். வல்லாரைச் சம்பல் மாதிரிப் பச்சையாகச் சாப்பிடுவதற்கு மக்கிய எருதான். பச்சை எரு என்றால் அறுவடைக்கு 120 நாளாவது முன் போட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சேதன விவசாய விதிகளில் சொல்லப்படுகிறது. மழைக்காலத்தில் செருப்பில்லாமல், காலில் காயத்தோடு சேற்றில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் நம் வயல் பகுதிகளுக்குப் புதிதல்ல. சிரட்டை, வாளி, டயர் எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு நுளம்புக்கு அதுவே போதும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், பெற்றோரைக் குற்றவாளி ஆக்குவது. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தி, நவம்பரில் திரும்ப அனுமதித்தது, அந்தப் பெரும்போக நெற்செய்கை இங்கே எத்தனை குடும்பத்தை வருத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். அம்பாறையிலோ மட்டக்களப்பிலோ வயல் செய்கிற ஒருவரின் பிள்ளையிடம் போய் “உன் அப்பா நஞ்சு போடுகிறார்” என்கிற மாதிரிப் பேசினால் அந்தப் பிள்ளை உங்களை விட்டு விலகும், விலகத்தான் வேண்டும். நானும் ஆரம்பத்தில் அப்படி ஒரு வார்த்தை பேசி, ஒரு தாயிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். பத்து ஏக்கர் வயலும் பத்துப் பாத்தியும் வேறு வேறு கணக்கு. அதைச் சொல்லிவிட்டு, அந்த அப்பாவையே ஒருநாள் கூப்பிட்டுப் பாத்தி கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சமையலுக்கு வந்தால், முதலில் ஆண் பிள்ளை கொத்த, பெண் பிள்ளை சமைக்க என்று பிரிப்பதை நிறுத்துங்கள். எல்லோரும் இரண்டும் செய்யட்டும். சின்னவர்கள் கீரை ஆயலாம், வெங்காயம் உரிக்கலாம், கத்தி பெரிய வகுப்புக்கு. கீரையை நறுக்கிய பிறகு கழுவினால் சத்துத் தண்ணீரோடு போகும், கழுவிவிட்டு நறுக்குங்கள். கீரைச் சுண்டலை மூன்று நான்கு நிமிடத்தில் இறக்குங்கள், பச்சை மங்கிப் பழுப்பாகும் வரை வேகவைத்து அதைத்தான் நாங்கள் இத்தனை காலம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு “சாப்பிட மாட்டேன் என்கிறார்கள்” என்று குறை சொன்னோம். தேங்காய்ப்பூ சேர்ப்பது ருசிக்கு மட்டுமல்ல, கீரையில் உள்ள கரோட்டினை உடம்பு எடுக்கக் கொழுப்பு வேண்டும். இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

மரவள்ளியில் கவனம். அன்று பிடுங்கியதை அன்றே தோல் நீக்கி, சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிடுங்கள். அதில் உண்டாகிற சயனைட்டு ஆவியாகிப் போக வேண்டும், அதனால்தான் நம் அம்மம்மாக்கள் சட்டியை மூடவிடவில்லை. கசந்தாலோ நீலக் கோடு ஓடியிருந்தாலோ எறியுங்கள்.

முதல்நாள் ஒரு பிள்ளை பாகற்காயைத் தொடவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், எட்டுப் பத்துத் தரம் ருசித்துப் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் ஒரு புதிய காயை ஏற்றுக்கொள்கிறார்கள். “ஒரு வாய் பாரு மனே” என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பு அரிக்கிற பிள்ளை யார் என்று முன்கூட்டியே வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள். வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு நேரம் பல வீட்டில் சைவம், முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்திருப்பார்கள். மரக்கறியாகவே சமைத்தால் ஒருவரும் தனியே உட்கார வேண்டியதில்லை.

விடுமுறையை மறப்பதால் செத்துப்போகும் தோட்டங்கள்தான் அதிகம். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து நாள் எழுதிக் கொடுங்கள், படலையின் திறப்பு யாரிடம் என்பதையும் சேர்த்து. மாடு உள்ளே வராமல் வேலியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காய்த்த வெண்டியில் நல்ல செடி ஒன்றைப் பறிக்காமல் விட்டு, காய் வெடிக்கத் தொடங்கும்போது விதை எடுத்து, சாம்பலோடு போத்தலில் போடுங்கள். கலப்பின விதை வாங்கிப் போட்டிருந்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது, அதற்கு ஊர் இனமே நல்லது. போத்தலில் விதைத்த பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டுங்கள், அடுத்த மாரிக்கு அதைத் திறப்பதும் அந்தப் பிள்ளையாகவே இருக்கட்டும்.