ஒப்பந்தப் பணியாளரின் ஓய்வூதியம்: தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளிநாட்டுப் பணிக்குச் செல்வோர் செய்ய வேண்டியவை

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் மென்பொருள், மின்பணி, கணக்கு போன்ற துறைகளில் உள்ள நம்மவர் சிலர், நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் சேராமல் மாதந்தோறும் இன்வாய்ஸ் அனுப்பிப் பணம் பெறுகிறார்கள். அதே முறையில் லண்டனுக்கோ துபாய்க்கோ செல்லும்போது கைக்கு வரும் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் அதிலிருந்து முதுமைக்கென்று எவரும் பிடித்தம் செய்வதில்லை. அந்தப் பிடித்தத்தை நீங்களே உங்கள்மீது விதித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் நிலை எது என்று உறுதி செய்யுங்கள். ஒப்பந்தத்தில் 'சுயாதீன ஒப்பந்ததாரர்' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. பெரும்பாலும் வாடிக்கையாளரின் இடத்திலேயே, அவருடைய மேற்பார்வையிலோ அவர் குறிக்கும் நேரத்திலோ வேலை செய்கிறீர்கள் என்றால், வருமான வரிச் சட்டம் உங்களைப் பொதுவாகச் சுயாதீன ஒப்பந்ததாரராக ஏற்பதில்லை. உண்மையிலேயே சுயாதீனமானவர் என்றால், வேலையின்மைக் காப்புறுதி நிதியான யூ.ஐ.எஃப்-இல் உங்களுக்கு இடமில்லை. ஊழியரிடமிருந்து 1 சதவீதமும் முதலாளியிடமிருந்து 1 சதவீதமும் பெறும் அந்த நிதி, வேலையிழப்பு, நோய், மகப்பேறு போன்றவற்றுக்கு உதவுமே தவிர, ஓய்வூதியம் தருவதில்லை. சந்தா செலுத்திப் பெறும் அரசு ஓய்வூதியம் என்ற ஒன்றே இந்த நாட்டில் இல்லை. 60 வயதில் அரசின் சமூக உதவி முகமையான சாசா வழங்கும் முதியோர் உதவித்தொகை வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தரப்படுவது. அதைப் பெற இங்கேயே வசிக்கவும் வேண்டும். வெளிநாட்டில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க எண்ணுபவர் அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

அடுத்தது வரி. இங்குதான் பெரிய இழப்பு நேர்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் 12 மாதக் காலத்துக்குள் 183 நாள்களுக்கு மேல், அவற்றில் தொடர்ச்சியாக 60 நாள்களுக்கு மேல் பணிபுரிந்தால், ஆண்டு வருமானத்தில் முதல் 12.5 லட்சம் ரேண்டுக்கு வரிவிலக்கு உண்டு என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த விலக்கு ஊழியருக்கு மட்டுமே உரியது. சுயாதீன ஒப்பந்ததாரருக்குப் பொருந்தாது. வரிக் கணக்கில் நீங்கள் தென்னாப்பிரிக்க வாசியாக நீடிக்கும்வரை, உலகின் எந்த மூலையில் ஈட்டிய பணத்துக்கும் வரி வசூலிக்கும் அரசு அமைப்பான சார்ஸ் கணக்குக் கேட்கும். பிரிட்டனில் வரி கட்டியிருந்தால் அதை இங்கே கழித்துக்கொள்ள வழியுண்டு. தனிநபர் வருமான வரி இல்லாத துபாயில் கழிப்பதற்கே பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஆகவே பணம் வரும்போதே வரிக்குரிய பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, ஆகஸ்ட், பிப்ரவரி மாத முன்வரித் தவணைகளைத் தவறாமல் செலுத்துங்கள்.

மூன்றாவதாக, வேலை செய்யும் நாட்டின் பங்களிப்பு விதிகளைப் பாருங்கள். பிரிட்டனின் புதிய அரசு ஓய்வூதியத்துக்கு அந்நாட்டுச் சமூகக் காப்புறுதியான நேஷனல் இன்சூரன்ஸ் கணக்கில் பொதுவாகக் குறைந்தது 10 தகுதி ஆண்டுகள் வேண்டும். முழுத் தொகைக்குப் பொதுவாக 35 ஆண்டுகள். எட்டு ஆண்டுகளில் திரும்புபவர் தன்விருப்பச் சந்தா செலுத்தி மீதி ஆண்டுகளை நிரப்ப முடியுமா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டறிய வேண்டும். எங்கே குடியேறுகிறீர்கள் என்பதும் இதில் முக்கியம். டர்பனிலோ சென்னையிலோ வசிப்பவருக்கு அந்த ஓய்வூதியம் முதலில் கிடைத்த அளவிலேயே உறைந்து நிற்கும். மொரீஷியசில் வசிப்பவருக்கோ ஆண்டுதோறும் உயரும். இருபது ஆண்டு முதுமையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

ஆஸ்திரேலியாவில், உடலுழைப்புக்கோ திறனுக்கோ முதன்மையாகக் கூலி பெறும் தனிநபர் ஒப்பந்ததாரருக்கும் பணி தருபவர் செலுத்தும் கட்டாய ஓய்வூதியச் சேமிப்பான சூப்பரானுவேஷன் சேர வேண்டும். 2025 ஜூலை முதல் அதன் அளவு 12 சதவீதம். தற்காலிக விசாவில் சென்றவர், விசா முடிந்து நாட்டைவிட்டு வெளியேறியபின் வரி போக மீதியைக் கேட்டுப் பெறலாம். அமீரகத்தில் பணி முடிவில் மொத்தமாகத் தரப்படும் பணிக்கொடை ஊழியருக்கானது. தன்விருப்பப் பணி (ஃப்ரீலான்ஸ்) உரிமத்தில் செல்பவருக்குக் கிடையாது. டர்பனில் உட்கார்ந்தே அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்பவருக்கும் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பில் எதுவும் சேராது.

எனவே சொந்தமாக ஓர் ஓய்வூதியச் சேமிப்பு இன்றியமையாதது. தனிநபர் சொந்தமாகச் சேரும் ஓய்வூதிய நிதியான ரிட்டையர்மென்ட் அன்யூட்டி நிதியில் செலுத்துவதை, வரிக்குரிய வருமானத்தின் 27.5 சதவீதம் வரை, ஆண்டு உச்சவரம்புக்கு உட்பட்டு, வரியில் கழித்துக்கொள்ளலாம். நிதியின் முதலீட்டில் 45 சதவீதம் வரை வெளிநாட்டில் இருக்கலாம் என்பதால், ரேண்டின் சரிவை அஞ்சுவோர் அந்த வகைத் திட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் புதிய செலுத்துதலில் மூன்றில் ஒரு பங்கை ஓய்வுக்கு முன்பே எடுக்க முடிகிறது; எடுக்கும் தொகைக்கு வருமான வரி உண்டு. அதைத் தொடாமல் விடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. குழுவாகச் சேர்ந்து சீட்டுப்போல் பணம் போடும் ஸ்டோக்வெல் சேமிப்பு உறவுக்கும் அவசரத்துக்கும் நல்லதுதான். முப்பது ஆண்டு முதுமையை அதன்மேல் ஏற்றக் கூடாது.

நிரந்தரமாக வெளியேறுவோர் வரி வசிப்பிடத்தை முறைப்படி முடித்து, அன்றே சொத்துகளை விற்றதாகக் கருதி விதிக்கப்படும் வெளியேற்ற வரியையும் கணக்கிட வேண்டும். 2021 மார்ச் முதல் உள்ள விதிப்படி, வரி வசிப்பிடத்தை முடித்தபின் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வெளிநாட்டு வாசியாக இருந்தால்தான், ஓய்வு வயதுக்கு முன் அன்யூட்டி நிதியை முழுமையாக எடுக்க முடியும். வெளிநாட்டில் வீடு வாங்க அந்தப் பணத்தை நம்பியிருப்பவர், இந்த மூன்று ஆண்டுக் காத்திருப்புக்கு வேறு பணம் வைத்திருக்க வேண்டும்.