அயனிகளைத் தேர்ந்து கடத்தும் நானோதுளைச் சவ்வு: அலுமினியத் தகட்டிலிருந்து

மெருகேற்றிய தூய அலுமினியத் தகட்டை 0.3 மோலார் ஆக்சாலிக் அமிலத்தில், 40 வோல்ட்டில், 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆனோடாக்குங்கள்; அதாவது, நேர்மின்வாயாக இணைத்து அதன் மேல் துளையுள்ள ஆக்சைடு படலம் வளரவிடுங்கள். துளைகளின் இடைவெளி வோல்ட்டுக்குச் சுமார் 2.5 நானோமீட்டர், ஆக இங்கே 100. முதலில் வளரும் துளைகள் தாறுமாறாகத்தான் இருக்கும். அந்த ஆக்சைடை 60 டிகிரி பாஸ்பாரிக்-குரோமிக் அமிலக் கலவையில் கரைத்துவிட்டு, மிஞ்சும் குழிகளின் மேல் மீண்டும் வளர்த்தால் வரிசை ஒழுங்காகும். குரோமிக் அமிலம் புற்றுநோய் உண்டாக்கும். கையுறையும் புகைபோக்கிக் கூண்டும் கட்டாயம்.

பின்புற அலுமினியத்தைக் காப்பர் குளோரைடில் நீக்கி, துளைகளின் அடியை மூடியிருக்கும் ஆக்சைடு அடுக்கை 5% பாஸ்பாரிக் அமிலத்தில் திறக்கவும். இதே அமிலம் துளையையும் அகலப்படுத்தும். அதிக நேரம் விட்டால் சுவர் மெலிந்து சவ்வு நொறுங்கும்.

பெரும்பாலும் காரியம் கெடுவது அடுத்த கட்டத்தில். சவ்வை 120 டிகிரியில் உலர்த்தி, நீரற்ற டொலுவீனில் 1% அமினோசிலேன் (துளைச் சுவரில் ஒட்டி அமீன் தொகுதிகளைப் பதிக்கும் சேர்மம்) கரைத்து அதில் ஊறவிடுங்கள். ஈரம் இருந்தால் சிலேன் தனக்குள்ளேயே பின்னிக்கொண்டு துளை வாயை அடைத்துவிடும். டொலுவீன், எத்தனால் என்று நன்றாக அலசி, 110 டிகிரியில் சூடேற்றவும்.

நடுநிலை நீரில் அமீன் நேர்மின்சுமை ஏற்று, எதிர்மின் அயனிகளை அதிகம் கடக்கவிடும். ஆனால் அந்த மின்சுமையின் வீச்சு 1 மில்லிமோலார் உப்பில் சுமார் 10 நானோமீட்டர். 100 மில்லிமோலாரில் 1 மட்டுமே. தேர்வுத்திறன் வரவில்லையா? முதலில் உப்பைக் குறைத்துப் பாருங்கள்.